ஒரு ஆடு, 12 நாள்: கெட்டுப்போற வரிசையில சமைச்ச கதை

ஆட்டை உரிச்சு முடிச்சு என் கைக்கு வந்தப்போ காலைல 7 மணி. ரெண்டு பெரிய அலுமினிய பேசின், மூடி போட்ட ஒரு வாளி, ஒரு தூக்குச்சட்டில ரத்தம். இதுல கறி எனக்கு மூணுல ஒரு பங்குதான், ஆனா தலை, கால், குடல், ஈரல், கொழுப்புன்னு மத்தது மொத்தமும் எனக்கு.

நாங்க மூணு வீடு சேர்ந்து ஆடு எடுத்தோம். கிலோ கணக்குல கறி வாங்கறது கட்டுப்படியாகாம போய் பல மாசம் ஆச்சு, வாரத்துக்கு ஒரு தடவை அரைக்கிலோ வாங்கி அதுல எலும்பு போக நாலு பேருக்கு ஆளுக்கு நாலு துண்டு வந்தா பெருசு. முழு ஆடா எடுத்தா விலை குறையும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தக் குறைச்சல் எங்க இருந்து வருதுன்னா கறின்னு யாரும் கணக்குல எடுக்காத பாகத்தையும் சேர்த்து வாங்கறதால வருது, அதைச் சமைக்காம தூக்கிப் போட்டா கணக்கு பழைய இடத்துக்கே வந்துடும். மத்த ரெண்டு வீட்டுலயும் "எங்களுக்கு கறி மட்டும் போதும், குடலை எல்லாம் யாரு உக்காந்து கழுவறது"ன்னுட்டாங்க. நான் கழுவறேன்னு சொன்னேன். கறியை மூணு சமபங்கா போட்டோம், காசும் சமம், மிச்சம் எல்லாம் எனக்கு, அதுக்குப் பதிலா துண்டு போடற வேலையும் பங்கு பிரிக்கற வேலையும் என்னோடதுன்னு பேச்சு.

போன வருஷமும் இதே மாதிரி ஒரு தடவை பண்ணி பாழாக்கியிருக்கேன். அப்போ எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், நல்ல கறியை முதல் நாளே சமைச்சோம், ரெண்டாவது நாளும் கறி, குடலையும் தலையையும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல தள்ளிட்டேன். நாலாவது நாள் திறந்தா நாத்தம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல குப்பைக்குப் போச்சு, அதுவும் ஒரு உசுரோட உடம்பு, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அன்னைக்குத்தான் ஒண்ணு புரிஞ்சுது. முழு ஆட்டைச் சமைக்கறதுக்கு முக்கியமா வேணும்னா வரிசை வேணும், பிடிச்சதை முதல்ல சமைக்கக்கூடாது, எது முதல்ல கெடுமோ அதை முதல்ல சமைக்கணும். வேடிக்கை என்னன்னா அந்த வரிசை கறிக்கும் நல்லது, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல் வேலையா எல்லாத்தையும் எடை போட்டு நோட்டுல எழுதினேன். எலும்போட கறி மொத்தம் 9 கிலோ 800, என் பங்கு 3 கிலோ 250 சொச்சம். ஈரல் 410 கிராம், இதயம் 110, சிறுநீரகம் ரெண்டும் சேர்த்து 85, மண்ணீரல் 45 (சுவரொட்டின்னு சொல்லுவோமே அதுதான்), நுரையீரல் மூச்சுக்குழாயோட 310. தோல் உரிச்ச தலை 1 கிலோ 300, கால் நாலும் 780. வயிறும் குடலும் சுத்தம் பண்ணின பிறகு 1 கிலோ 50 வந்துச்சு. சிறுநீரகத்தைச் சுத்தி இருக்கற கொழுப்பு, வயித்து மேல வலை மாதிரி மூடியிருக்கற கொழுப்பு எல்லாம் சேர்த்து 640. ரத்தம் முக்கால் லிட்டருக்கு கொஞ்சம் மேல. கூட்டிப் பாருங்க, கறிப் பங்கை விட இந்த "மிச்சம்" எடை அதிகம்.

வெட்டின அண்ணன் கிட்ட ரெண்டு விஷயம் முன்னாடியே கேட்டு வச்சிருந்தேன். ஒண்ணு ரத்தத்தைத் தனியா சுத்தமான பாத்திரத்துல பிடிக்கணும், கழுத்துல இருந்து வர்றது மட்டும், இரைப்பைல இருந்து ஏதாவது கலந்தா எனக்கு வேண்டாம். இன்னொண்ணு ஆட்டோட பல்லைக் காட்டணும். பால் பல் எல்லாம் அப்படியே இருந்துச்சு. முன்னாடி நடுவுல இருக்கற ரெண்டு பால் பல் விழுந்து பெரிய பல் முளைக்கறது ஒரு வயசு, ஒன்றரை வயசு வாக்குல, அதனால இது இளசுன்னு தெரிஞ்சுது. கறி பதத்துக்காக மட்டும் கேக்கல, மூளைக்காகவும் கேட்டேன். மாடு, செம்மறி, வெள்ளாட்டுக்கெல்லாம் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கற நோய்கள் இருக்கு, அதுக்குக் காரணமான புரதம் வேக வச்சாலும் அழியாது. ஐரோப்பிய ஒன்றியத்துல 12 மாசத்துக்கு மேற்பட்ட ஆட்டோட மண்டையோடு, மூளை, தண்டுவடத்தை சாப்பாட்டுக்கு விக்கவே கூடாது. வயசு தெரியாத ஆட்டோட மூளையை நான் எடுக்கறதில்ல.

முதல் நாள் ரத்தமும் மூளையும். ரத்தம் உறையறதுக்குள்ள ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு கையாலயே கிண்டிக்கிட்டே இருக்கச் சொல்லியிருந்தேன், நூல் நூலா விரல்ல சுத்திக்கும், அதை எடுத்துட்டு வடிகட்டிட்டா மிச்சம் தண்ணியாவே நிக்கும். தீ அதிகமா வச்சு கொதிக்க விட்டா ரப்பர் ஆயிடும், ரத்தத்துல இருக்கற புரதமும் முட்டை மாதிரிதான், 75 டிகிரி பக்கத்துல இறுகிடும். வெங்காயத்தை நிறைய வதக்கி, பச்சை மிளகாய், மிளகு போட்டு, ரத்தத்தை ஊத்தி சின்ன தீல கிளறிக்கிட்டே இருந்தா பொலபொலன்னு வரும். ஈரம் சுண்டற வரைக்கும் கிளறணும், பாதில எடுத்தா வாடை நிக்கும். நம்பிக்கை காரணமா ரத்தம் தொடாத வீடுகள் நிறைய உண்டு, அவங்க விட்டுடலாம், இந்த வரிசைல மத்தது எதுவும் மாறாது. மூளையை மேல இருக்கற மெல்லிசு சவ்வை உரிச்சுட்டு உப்புத் தண்ணில 10 நிமிஷம் மெதுவா வேக வச்சு, ஆறினதும் துண்டு போட்டு மிளகு தூவி வறுத்தேன். நேரா சட்டில போட்டா குழைஞ்சு காணாம போயிடும், வேக வச்சு ஆற வச்சா இறுகி நிக்கும்.

அன்னைக்கே ரெண்டு சம்பவம்.

ஈரலைப் பிரிக்கும்போது பித்தப்பை கிழிஞ்சுடுச்சு. பச்சையா ஒரு திரவம் ஈரல் மேல ஓடுச்சு. பதறி ஈரல் முழுசையும் தண்ணில முக்கியிருந்தா கசப்பு எல்லாப் பக்கமும் பரவியிருக்கும், நல்லவேளை அம்மா பக்கத்துல நின்னாங்க, "குழாயை அந்த இடத்துல மட்டும் விடு, பச்சை பட்ட இடத்தை அப்படியே அரிஞ்சு எடு"ன்னாங்க. அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சீவி எடுத்தேன், 30 கிராம் போச்சு, மிச்சத்துல கசப்பு துளி கூட இல்ல. இனிமே பித்தப்பையோட கழுத்தை முதல்ல விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அதைச் சுத்தி ஈரல் கொஞ்சம் சேர்த்தே வெட்டணும்னு நோட்டுல எழுதியிருக்கேன்.

ரெண்டாவது நுரையீரல். அமுக்கிப் பாத்துக்கிட்டே வந்தப்போ ஒரு இடத்துல கோலிக்குண்டு அளவுக்கு கெட்டியா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, வெளில இருந்து பாத்தா வெள்ளையா, உள்ள தண்ணி மாதிரி. இது நாடாப்புழுவோட நீர்க்கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் புழு நாய் குடல்ல இருக்கும், நாய் கழிவுல வர்ற முட்டை புல்லுல ஒட்டி ஆட்டு வயித்துக்குள்ள போயி ஈரல்லயும் நுரையீரல்லயும் கட்டியா வளரும். அந்தக் கட்டியை பச்சையா நாய் தின்னா மறுபடி நாய்க்குள்ள புழு, அந்த நாயைத் தடவின கையை வாய்ல வச்சா முட்டை நமக்குள்ள, நமக்கும் அதே மாதிரி ஈரல்ல கட்டி. கட்டியை நான் குத்தல, வெட்டல. நுரையீரல் ரெண்டையும் அப்படியே பழைய டப்பால போட்டு 30 நிமிஷம் நல்லா கொதிக்க வச்சு, அப்புறம்தான் பைல போட்டு கட்டி குப்பைக்கு அனுப்பினேன். கீழ் வீட்டு நாய் வாசல்லயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு, பாவமா இருந்தாலும் குடுக்கல. தயவு செஞ்சு யாரும் வேண்டாத உறுப்பை பச்சையா நாய்க்குப் போடாதீங்க, வீட்டுல வெட்டற இடங்கள்ல இந்த நோய் நிக்காம சுத்திக்கிட்டே இருக்கறதுக்கு முக்கியக் காரணம் அதுதான். ஈரலை அதுக்கப்புறம் ரெண்டு தடவை விரலால அழுத்தி, குறுக்கால கீறியும் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ஈரல், மண்ணீரல். ஈரல்ல நிறைய பேர் பண்ற தப்பு ரொம்ப நேரம் வேக விடறதுதான், அப்படி விட்டா மணல் மாதிரி ஆயிடும், பிள்ளைங்க அதைத்தான் வெறுக்கறாங்க. மேல் சவ்வை உரிச்சு 1 சென்டிமீட்டர் தடிமன்ல வெட்டி, துணில ஒத்தி ஈரத்தை எடுத்துட்டு, சட்டி நல்லா காய்ஞ்ச பிறகு ஒரு பக்கம் ஒன்றரை நிமிஷம், திருப்பிப் போட்டு ஒன்றரை நிமிஷம். என்கிட்ட ஒரு குத்தற தெர்மாமீட்டர் இருக்கு, நடுவுல 71 டிகிரி காட்டினா உடனே இறக்கிடுவேன். உறுப்புக்கறிக்கு அந்த அளவு வேணும், அதுக்கு மேல தேவையில்ல. உப்பு கடைசில. மண்ணீரலை நடுவுல கீறி கரண்டியால உள்ள இருக்கறதை வழிச்சு எடுத்தா கூழ் மாதிரி வரும், அதை வெங்காயத்தோட சேர்த்து ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான். ஈரலை விட இதுல இரும்புச்சத்து பல மடங்கு. 45 கிராம்தான், யாருக்கு ரத்தம் கம்மியா இருக்கோ அவங்க தட்டுக்குப் போகணும், எங்க வீட்டுல அது என் பொண்ணு.

பங்கு எடுத்த ஒரு வீட்டுல மருமக மாசமா இருக்காங்க, ஈரல் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டாங்க, நான் குடுக்கல, விளக்கமா சொல்லிட்டேன். ஈரல்ல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், கர்ப்ப காலத்துல அந்த அளவு குழந்தைக்கு ஆபத்தாகலாம்னு டாக்டருங்களே தவிர்க்கச் சொல்றாங்க. அவங்களுக்கு என் பங்குக் கறில இருந்து 250 கிராம் குடுத்தேன். எங்க அப்பாவுக்கு யூரிக் ஆசிட் தொந்தரவு, அவருக்கு இந்த 12 நாள்ல உறுப்புக்கறி எதுவும் கிடையாது, எலும்புச் சாறும் கிடையாது, கறி மட்டும் அளவா.

இப்போ கறிக்கு ஏன் இந்த வரிசை நல்லதுன்னு சொல்றேன். அறுத்த சில மணி நேரத்துல தசை எல்லாம் விறைச்சுக்கும், அந்த நேரத்துல சமைச்சா எவ்வளவு நேரம் வேக வச்சாலும் நார் நாரா இழுக்கும். விறைப்பு தானா இளகணும், அதுக்கு ஒரு நாளாவது வேணும். அதே மாதிரி சூடு தணியறதுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல திணிச்சாலும் தசை சுருங்கி கடினமாயிடும். நான் என் பங்கை துண்டு போடாம பெரிய பெரிய பாகமாவே, கால், தோள், கழுத்து, விலான்னு, ஃப்ரிட்ஜ்ல மேல மூடாம ஒரு தட்டுல வச்சேன். நான் ரத்தமும் ஈரலும் குடலும்னு மல்லுக்கட்டின நேரத்துல கறி தன்னால பதமாகிட்டு இருந்துச்சு. போன வருஷம் முதல் நாளே சமைச்ச கறி ரப்பரா இருந்ததுக்கு ஆட்டைக் குறை சொன்னோம், தப்பு எங்க மேல.

குடலும் வயிறும் முதல் நாள் சாயங்காலம் முழுக்க. முன்னாடி ஒரு தடவை கொதிக்கிற தண்ணியை நேரா வயித்து மேல ஊத்திட்டேன், அந்தக் கறுப்புத் தோல் வெந்து ஒட்டிக்கிட்டு கத்தியால சுரண்டினாலும் வரல. தண்ணி 65, 70 டிகிரிலதான் இருக்கணும், அப்போ அது வெறும் கையாலயே உருண்டு வரும். தெர்மாமீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு வழி, ஒரு பாத்திரம் கொதிக்கிற தண்ணியும் அதே அளவு சாதா தண்ணியும் கலந்தா, நூறும் முப்பதும் சேர்ந்து பாதி, கிட்டத்தட்ட 65 வந்துடும். அதுல வயித்தை முக்கி ஒரு நிமிஷம் ஆட்டி, ஓரத்துல நகத்தால கீறிப் பாக்கணும், கழண்டு வந்தா வெளில எடுத்து கரண்டி முனையால சுரண்டணும், வரலன்னா இன்னொரு அரை நிமிஷம். ஆட்டுக்கு வயிறு நாலு அறை, பெருசு துண்டுத்துணி மாதிரி சொரசொரன்னு இருக்கும், அது ஈஸி. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்கறதுக்கு பழைய பிரஷ் வேணும். புஸ்தகப் பக்கம் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கறதுதான் பொறுமையைச் சோதிக்கும், ஒவ்வொரு மடிப்பா விரிச்சு தேய்க்கணும், எனக்கு அது மட்டும் 25 நிமிஷம் ஆச்சு. நாலாவது வழவழன்னு இருக்கும், அதைத் திருப்பிப் போட்டு கல் உப்பு போட்டு தேய்ச்சா போதும்.

சிறுகுடலை ரெண்டு அடி நீளமா வெட்டி, ஒரு முனையை மழுங்கலான குச்சில மாட்டி உள்பக்கம் வெளிப்பக்கமா திருப்பணும், குழாய்த் தண்ணியை உள்ள விட்டுக்கிட்டே திருப்பினா தானா புரளும். கல் உப்பு, கொஞ்சம் மாவு போட்டு பிசைஞ்சு கழுவறது மூணு தடவை. மாவு எதுக்குன்னா கொழகொழப்பை அது பிடிச்சுக்கும். இந்த வேலையை சமையல் தொட்டில பண்ணாதீங்க, நான் பின்னாடி துணி துவைக்கற இடத்துல பண்ணேன், பலகை, கத்தி, பேசின் எல்லாம் தனி, முடிஞ்சதும் சோப்பு போட்டு கழுவி கொதிக்கிற தண்ணி ஊத்தினேன். குடல்ல இருக்கற கிருமி அங்க இருந்து தெறிச்சு சாலட் வெட்டற பலகைல விழுந்தா குடல் சுத்தம் பண்ணதுல அர்த்தமே இல்ல. சுத்தம் பண்ணதும் அன்னைக்கே குக்கர்ல 40 நிமிஷம் வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, பாதியை அடுத்த நாளைக்கு வச்சுட்டு மிச்சத்தை ஃப்ரீசர்ல போட்டேன். வெந்த குடல் நல்லா ஃப்ரீஸ் ஆகும். மொத்தம் 3 மணி நேரம் 10 நிமிஷம் இதுக்கு. மத்த வீட்டுல ஏன் வேண்டாம்னாங்கன்னு நல்லாவே புரிஞ்சுது, ஆனா 1 கிலோ சாப்பாடு அது, எங்களுக்கு மூணு வேளை.

ரெண்டாவது நாள் சிறுநீரகமும் இதயமும் மதியத்துக்கு. சிறுநீரகத்தை நீளவாக்குல பிளந்து நடுவுல இருக்கற வெள்ளை நரம்பை கத்திரிக்கோலால சுத்தமா எடுத்தா மூத்திர வாடை முக்கால்வாசி போயிடும், அரை மணி நேரம் உப்புத் தண்ணில ஊற வச்சா மிச்சமும் போயிடும். இதயம் உறுப்புன்னாலும் அது சுத்தமான தசை, பிளந்து உறைஞ்ச ரத்தத்தைக் கழுவிட்டு மெல்லிசா சீவி பெரிய தீல வாட்டினா நல்ல கறி மாதிரியே இருக்கும். உறுப்புக்கறின்னாலே முகம் சுளிக்கறவங்களுக்கு முதல்ல இதைத்தான் குடுப்பேன்.

தலையை மூணாவது நாள் எடுத்தேன். மூளைக்காக முதல் நாளே ரெண்டா பிளந்து வச்சதுதான், மூக்குத் துவாரத்துக்குள்ள தண்ணியை வேகமா விட்டு கழுவி, ஒரு மணி நேரம் ஊற வச்சு, குக்கர்ல 45 நிமிஷம். நாக்கோட தோலை சூடா இருக்கும்போதே உரிச்சுடணும், ஆறினா ஒட்டிக்கும், நான் பாதி உரிச்சுட்டு ஃபோன் எடுக்கப் போயிட்டேன், திரும்பி வந்து மறுபடி சூடு பண்ண வேண்டியதாச்சு. கன்னத்துல இருக்கற கறிதான் மொத்த ஆட்டுலயும் ருசியானதுன்னு நான் நினைக்கறேன், நாள் முழுக்க அசை போடற தசை அது. தலைல இருந்து எலும்பு நீக்கி 420 கிராம் கறி வந்துச்சு, நாக்கு தனி.

கறியை எப்படிப் பிரிக்கறதுங்கறதுக்கு ஒரே ஒரு கேள்விதான், இந்தத் தசை ஆடு உசுரோட இருந்தப்போ எவ்வளவு வேலை செஞ்சுது. முதுகோட ஓடற நீளக்கறி சும்மா இருந்தது, அது சீக்கிரம் வேகும், அதை மெல்லிசா வெட்டி சட்டில வாட்டி எடுத்தோம். கழுத்து, தோள், முழங்கால் எல்லாம் ஓயாம வேலை செஞ்சது, அங்க தசையைச் சுத்தி கொலாஜன்னு ஒரு கெட்டியான நார் இருக்கும், அது 70 டிகிரி தாண்டி மணிக்கணக்கா நின்னாத்தான் கரைஞ்சு ஜெலட்டின் ஆகும். கரைஞ்சுட்டா அந்தக் குழம்புக்கு வர்ற வழவழப்பை எந்த விலை கூடின துண்டும் குடுக்காது. பட்ஜெட் சமையல்ல விலை கம்மியான துண்டுதான் ருசியான துண்டு, நேரம் மட்டும் கேக்கும்.

நேரம்னா கேஸ். இதை எழுதறவங்க ரொம்ப கம்மி, எலும்பை 8 மணி நேரம் சின்ன தீல வைங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, 8 மணி நேரத்துக்கு கேஸ் எரிச்சா எலும்புல மிச்சம் பிடிச்ச காசு சிலிண்டர்ல போயிடும். நான் ரெண்டு வழி பண்ணேன். ஒண்ணு குக்கர், உள்ள சுமார் 120 டிகிரி போகும், அதனால 8 மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்துல முடியுது. இன்னொண்ணு கம்பளி. 5 லிட்டர் பாத்திரத்துல கழுத்துக்கறியும் பருப்பும் வாய் வரைக்கும் நிரப்பி 20 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு, மூடியைத் திறக்காம ரெண்டு கனமான கம்பளில சுத்தி அட்டைப்பெட்டிக்குள்ள வச்சேன். 4 மணி நேரம் கழிச்சுத் திறந்தப்போ 76 டிகிரி இருந்துச்சு, கறி எலும்புல இருந்து கழண்டு நின்னுச்சு. ஆனா அஞ்சாவது நாள் அதே பாத்திரத்துல பாதி அளவு மட்டும் வச்சேன், 4 மணி நேரத்துல 57க்கு இறங்கிடுச்சு, 60க்கு கீழ போயிட்டா கிருமி வளர ஆரம்பிச்சுடும். எவ்வளவு நேரமா கீழ இருந்துச்சுன்னு தெரியாததால அதை நான் பரிமாறல, வருத்தத்தோட கொட்டினேன். பாத்திரம் நிறைஞ்சு இருந்தாத்தான் இந்த முறை, நடுவுல ஒரு தடவையாவது பாத்துட்டு இறங்கியிருந்தா திரும்பக் கொதிக்க வைக்கணும்.

கால் நாலும், கறில இருந்து சேர்த்து வச்ச எலும்பும் ஆறாவது நாள். எலும்பை முதல்ல சட்டில எண்ணெய் இல்லாம சிவக்க வறுத்துட்டு, காலோட சேர்த்து குக்கர்ல ஒன்றரை மணி நேரம். ஆறினதும் கரண்டி நிக்கற அளவுக்கு ஜெல்லி, அது காலோட வேலை, எலும்பை மட்டும் போட்டா இப்படி இறுகாது. எலும்புச் சாறு குடிச்சா எலும்பு வலுவாகும், சுண்ணாம்புச்சத்து கொட்டுதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, உண்மையில எலும்புல இருக்கற சுண்ணாம்புச்சத்து தண்ணில ரொம்பக் கொஞ்சம்தான் இறங்கும். ருசிக்கும் ஜெலட்டினுக்கும்தான் இதை வைக்கறோம், அது போதும்.

இந்த எலும்புச் சாறை, அதாவது ஸ்டாக்கை, ஆற வைக்கறதுல கவனம். "நல்லா கொதிச்சதுதானே"ன்னு பெரிய பாத்திரத்தை ராத்திரி முழுக்க மேடைல விட்டுடறோம், கொதில சாகாத வித்து உள்ள சில கிருமி இருக்கு, கறிச்சாறு மெதுவா ஆறும்போது அதுங்களுக்குக் கொண்டாட்டம். 60 டிகிரில இருந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள்ள, அங்க இருந்து 5க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ள வந்துடணும். நான் தட்டையான மூணு பாத்திரத்துல பிரிச்சு ஊத்தி, தொட்டில குளிர்ந்த தண்ணி விட்டு அதுல நிக்க வச்சு கிண்டினேன், 50 நிமிஷத்துல 20க்கு வந்துடுச்சு. அப்புறம் கால்வாசியா சுண்ட வச்சு ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர், 36 கட்டி வந்துச்சு. ஒரு கட்டி, ஒரு டம்ளர் சுடுதண்ணி, ஒரு சூப்.

கொழுப்பைத்தான் கடைசில தொட்டேன், அது அவ்வளவு சீக்கிரம் கெடாது. வலைக்கொழுப்பை மட்டும் தனியா எடுத்து வச்சேன், தொடைல இருந்த கொழுப்பில்லாத கறியைக் கொத்தி உருட்டி அதுல பொதிஞ்சு வாட்டினா தானே எண்ணெய் விட்டு உருண்டை காயாம நிக்கும். மிச்சம் 500 கிராமை பொடிசா நறுக்கி அரை டம்ளர் தண்ணி ஊத்தி ரொம்பச் சின்ன தீல 2 மணி நேரம். தண்ணி எதுக்குன்னா ஆரம்பத்துல அடிப்பிடிக்காம இருக்க, அது ஆவியாப் போயிடும். 345 கிராம் வெள்ளை வெளேர்னு வந்துச்சு, வடிகட்டினப்போ மிஞ்சின மொறுமொறு சக்கையை பிள்ளைங்க உப்பு தூவி அங்கயே முடிச்சுட்டாங்க. ஆட்டு வாடைன்னு சொல்றது பெரும்பாலும் இந்தக் கொழுப்புலதான் இருக்கு, 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம்னு ஒண்ணு துளி இருந்தாலே மூக்குக்குத் தெரியும். வாடை பிடிக்காதவங்க கறியைத் திரும்பத் திரும்பக் கழுவறதை விட கொழுப்பைச் சீவி எடுத்தா போதும். அந்தக் கொழுப்புல உருளைக்கிழங்கு வறுத்தா வாடை வாசனையா மாறிடுது, மிளகும் பூண்டும் தாராளமா போடணும், சூடா சாப்பிட்டுடணும், ஆறினா உதட்டுல மெழுகு மாதிரி ஒட்டும். தினமும் இதுல சமைக்கற உத்தேசம் இல்ல, வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன்.

ஏழாவது நாள்ல இருந்து பன்னெண்டாவது நாள் வரைக்கும் ஃப்ரீசர்ல இருந்து எடுத்து எடுத்து ஓடுச்சு, அதுல சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு இறக்கி வச்சுடணும், அவ்வளவுதான். பருப்புல ஒரு கை கறி, காய்ல ஒரு கை கறின்னு போட்டதுல கறி குறைச்சலா இருக்குன்னு யாரும் கேக்கல, ஸ்டாக் கட்டி ரெண்டு சேர்த்தா மொத்தப் பாத்திரமும் கறி ருசிதான்.

நோட்டுல இருக்கற கணக்கு, எங்க நாலு பேருக்கு 12 நாள்ல 19 வேளை கறி இருந்துச்சு, வழக்கமா அந்த நாள்ல ரெண்டு வேளைதான் இருந்திருக்கும். கொட்டினது நுரையீரல் 310, கசந்த ஈரல் 30, அந்தப் பாதிப் பாத்திரம். இரைப்பைல இருந்த தழை எல்லாம் செடித்தொட்டி உரத்துக்குப் போச்சு. தோலை வெட்டின அண்ணனே எடுத்துக்கிட்டாரு.

நேத்து பங்குக்கார வீட்டு அக்கா தலைக்கறி எப்படி பண்ணீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க, அடுத்த தடவை கால் நாலும் அவங்களுக்கு வேணுமாம். குடுத்துடுவேன், குடல் கழுவ ஒரு ஆள் கூட வருவாங்கன்னா கால் போனா பரவால்ல. இன்னைக்கு ஃப்ரீசர்ல மிச்சம் இருக்கறது ஸ்டாக் 14 கட்டி, வெந்த குடல் ஒரு டப்பா, நாக்குல பாதி. நாக்கை ஃப்ரிட்ஜுக்கு இறக்கி வச்சாச்சு, நாளைக்கு மதியத்துக்கு.